ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தால்: எங்கிருந்து தொடங்குவது?

வயிற்று ஸ்கேன் வேறு எதற்காகவோ எடுத்திருப்பார்கள். பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், ஆண்டுப் பரிசோதனை என்று ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். அறிக்கையின் கடைசி வரியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருக்கும். பெரும்பாலோருக்கு இந்த நோய் அறிமுகமாவது இப்படித்தான். வலி இல்லை, காமாலை இல்லை, பசியும் குறையவில்லை. அதனால் சிலர் அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சிலர் அன்றிரவே கல்லீரல் புற்றுநோய் வரை படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றை ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் போதும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த நோயின் போக்கைத் தீர்மானிப்பது கல்லீரலில் விழுந்திருக்கும் தழும்பு. கொழுப்பின் அளவெல்லாம் அதற்குப் பிறகுதான். ஸ்கேன் அறிக்கையோ கொழுப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தழும்பு இருக்கிறதா என்று தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் கிரேடு ஒன்றா இரண்டா என்று கவலைப்படுபவர்கள் ஏராளம்.

உள்ளே என்ன நடக்கிறது

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்திருந்தால் அது கொழுப்புக் கல்லீரல். அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்பதும் புரியும். இந்நோய் உள்ளவர்களின் கல்லீரலில் சேரும் கொழுப்பில் ஏறக்குறைய 60 சதவீதம், உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தம் வழியாக வந்து சேர்வது. கால் பங்கு, கல்லீரலே சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் புதிதாகத் தயாரிப்பது. உணவில் உள்ள எண்ணெய், நெய் முதலியவற்றிலிருந்து நேரடியாக வருவது 15 சதவீதம் அளவுதான். 'நான் எண்ணெயே தொடுவதில்லை, பிறகு எப்படி வந்தது?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசு ஒரு கிடங்கு மாதிரி. அது நிறைந்துவிட்டாலோ, இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் போனாலோ, அங்கே தங்க வேண்டிய கொழுப்பு ரத்தத்தில் கசிந்து கல்லீரல், தசை, கணையம் என்று போகக் கூடாத இடங்களுக்குப் போகிறது. கிடங்கின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறு. சிறிய கிடங்கோடு பிறந்தவர்கள் பார்க்க ஒல்லியாக இருந்தும் இந்த நோய்க்கு ஆளாவது அதனால்தான். பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாறுபாடு உள்ளவர்களுக்குக் கொழுப்பும் தழும்பும் எளிதில் உண்டாகின்றன. ஆகவே எடையைவிட இடுப்புச் சுற்றளவு நம்பகமான அறிகுறி.

கொழுப்பு சேர்ந்த எல்லோருக்கும் கல்லீரல் கெடுவதில்லை. ஒரு பகுதியினருக்கு அழற்சி உண்டாகிறது. அழற்சி நீடித்தால் ஆறிய இடமெல்லாம் நார்த்தழும்பாகிறது. தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். எஃப்4 என்பது கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ். வெறும் கொழுப்பு மட்டும் உள்ளவர்களில் தழும்பு கூடுபவர்களுக்கு ஒரு நிலை ஏறச் சராசரியாக 14 ஆண்டுகள் ஆகின்றன. அழற்சியும் சேர்ந்தால் 7 ஆண்டுகள். சராசரி என்பதை மறக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்நோய் உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணம் மாரடைப்பு உள்ளிட்ட இதய, ரத்தக்குழாய் நோய்கள். கல்லீரல் நோய் அதற்குப் பின்னால்தான் வருகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் கவனிக்காமல் கல்லீரலை மட்டும் காப்பாற்றும் முயற்சி பாதி வேலைதான்.

முதல் படி: அறிக்கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கிரேடு 1, 2, 3 என்பது கல்லீரல் திரையில் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது. ஒருவர் கிரேடு 1 என்பதை இன்னொருவர் கிரேடு 2 என்று எழுதக்கூடும். 20 சதவீதத்துக்குக் குறைவான கொழுப்பைச் சாதாரண ஸ்கேன் பெரும்பாலும் தவறவிடும். கிரேடு 1 உள்ளவரிடம் முற்றிய தழும்பு இருக்கலாம். கிரேடு 3 உள்ளவரிடம் தழும்பே இல்லாமல் இருக்கலாம். சிரோசிஸ் முற்றும்போது கல்லீரலில் கொழுப்பு தானாகவே குறைந்துபோவதும் உண்டு. அப்போது ஸ்கேனில் கொழுப்பு குறைந்ததைப் பார்த்து நோய் குணமாகிறது என்று நினைப்பது ஆபத்து.

ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி, எஸ்.ஜி.ஓ.டி என்று வருபவை கல்லீரல் செல்கள் சேதமாகும்போது வெளியேறும் நொதிகள். முதலாவதை ஏ.எல்.டி என்றும் இரண்டாவதை ஏ.எஸ்.டி என்றும் அச்சிடுவார்கள். ஏ.எல்.டியின் இயல்பு வரம்பு 40 அல்லது 50 என்று ஆய்வகங்கள் போட்டிருந்தாலும், ஆரோக்கியமான ஆண்களுக்கு 33க்குள்ளும் பெண்களுக்கு 25க்குள்ளும் இருப்பதே சரியான இயல்பு என்று கல்லீரல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். நொதிகள் இயல்பாக இருப்பதால் மட்டும் தழும்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் காலம் கடந்து வருபவர்கள் அதிகம்.

இந்நோயின் பெயர் பழைய அறிக்கைகளில் என்.ஏ.எஃப்.எல்.டி என்றும் 2023க்குப் பிறகானவற்றில் எம்.ஏ.எஸ்.எல்.டி என்றும் இருக்கும். பெயரும் வரையறையும் மாறின. உங்கள் நோய் மாறவில்லை. புதிய வரையறையின்படி, கல்லீரலில் கொழுப்பும் அதோடு அதிக எடை அல்லது இடுப்புச் சுற்றளவு, உயர்ந்த ரத்தச் சர்க்கரை, உயர்ந்த ரத்த அழுத்தம், உயர்ந்த ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு), குறைந்த நல்ல கொலஸ்ட்ரால் ஆகிய ஐந்தில் ஒன்றாவதும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது

கொழுப்பு என்றவுடன் எல்லாம் சாப்பாட்டால் வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்குமான ரத்தப் பரிசோதனை ஒருமுறை கட்டாயம் செய்துகொள்ளுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு கல்லீரலில் கொழுப்பைக் கூட்டும். ஸ்டீராய்டு, அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட், தமோக்சிஃபென், வால்ப்ரோயேட் ஆகிய மருந்துகளும் அப்படியே. இவற்றில் ஏதேனும் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் ஸ்கேன் அறிக்கையைக் காட்ட வேண்டும். இளம் வயதில், பருமனோ சர்க்கரையோ இல்லாமல் நொதிகள் உயர்ந்திருந்தால், செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின் உயர்ந்திருக்கிறது என்று பலர் பயந்துபோகிறார்கள். கொழுப்புக் கல்லீரலில் ஃபெரிட்டின் ஓரளவு உயர்வது வழக்கம். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு இயல்பாக இருந்தால் இரும்புச் சத்து உடலில் தேங்கும் நோய்க்கான வாய்ப்பு குறைவு.

இதே ரத்த மாதிரியிலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொலஸ்ட்ரால் வகைகள், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எண்ணிக்கை ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். தட்டணு எண்ணிக்கை அடுத்த படிக்குத் தேவை.

மூன்றாம் படி: ஃபிப்-4 கணக்கு

தழும்பைத் தேடும் முதல் கருவி ஒரு கணக்கு. கூடுதல் செலவு எதுவும் இல்லை. கையில் உள்ள ரத்த அறிக்கையே போதும். வயதை ஏ.எஸ்.டியால் பெருக்குங்கள். தட்டணு எண்ணிக்கையை ஏ.எல்.டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் ஃபிப்-4.

எடுத்துக்காட்டாக, வயது 52, ஏ.எஸ்.டி 48, ஏ.எல்.டி 60, தட்டணுக்கள் 2,10,000 என்று வைத்துக்கொள்வோம். 52 × 48 = 2,496. தட்டணுக்களை ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டும், அதாவது 210. 60இன் வர்க்கமூலம் 7.75. 210 × 7.75 = 1,627. 2,496ஐ 1,627ஆல் வகுத்தால் 1.53.

1.3க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. 2.67க்கு மேல் போனால் வாய்ப்பு அதிகம். கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். இடைப்பட்டவர்கள் அடுத்த படிக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டில் உள்ளவர் இடைப்பட்டவர். வயது 65ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ் வரம்பை 1.3க்குப் பதிலாக 2.0 என்று கொள்ள வேண்டும், ஏனென்றால் வயதே கணக்கை ஏற்றிவிடும். 35க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக நம்பத்தக்கதல்ல.

பிழை நேரும் இடங்கள் இரண்டு. தட்டணுவை லட்சத்தில் எடுத்து 2.1 என்று போட்டால் விடை 153 என்று வரும். பயந்துவிட வேண்டாம், அலகைச் சரிபாருங்கள். இரண்டாவது, காய்ச்சலின்போதோ கடும் உடற்பயிற்சி செய்த மறுநாளோ எடுத்த ரத்தத்தை வைத்துக் கணக்கிடுவது. டெங்கு போன்ற காய்ச்சலில் தட்டணு குறைந்து நொதிகள் ஏறியிருக்கும். தசை வலிக்க வலிக்கப் பயிற்சி செய்தால் ஏ.எஸ்.டி ஏறும். உடல் தேறிச் சில வாரங்கள் கழித்து எடுத்த எண்களே இந்தக் கணக்குக்கு உதவும்.

நான்காம் படி: ஃபைப்ரோஸ்கேன்

ஃபிப்-4 இடைப்பட்டு வந்தால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் இந்தப் பரிசோதனை தேவை. ஊசியில்லை, வலியில்லை, பத்து நிமிடத்தில் முடியும். விலா எலும்புகளுக்கு இடையில் கருவியை வைத்துச் சிறு அதிர்வு அனுப்பி, அது கல்லீரலுக்குள் பயணிக்கும் வேகத்தை அளப்பார்கள். குறைந்தது 3 மணி நேரம் ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டபின் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி விறைப்பு பொய்யாக உயரும்.

அறிக்கையில் இரண்டு எண்கள் வரும். கிலோபாஸ்கலில் வருவது விறைப்பு. அது 8க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 8 முதல் 12 வரை இடைநிலை. 12க்கு மேல் என்றால் முற்றிய தழும்புக்கான வாய்ப்பு அதிகம். கேப் என்ற பெயரில் 100 முதல் 400 வரை வருவது கொழுப்பின் அளவு. பலர் கேப் எண்ணைப் பார்த்துத்தான் கலங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கலை. ஏ.எல்.டி மிக அதிகமாக உள்ள நேரத்திலும், இதயச் செயலிழப்பால் கல்லீரலில் ரத்தம் தேங்கும்போதும் விறைப்பு கூடுதலாகக் காட்டும். பருமனானவர்களுக்கு எக்ஸ்எல் என்ற பெரிய முனையைப் பயன்படுத்த வேண்டும். ஒரே ஓர் உயர்ந்த எண்ணை வைத்து முடிவுக்கு வராமல், வெறும் வயிற்றில் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பதே முறை. திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி, இவை எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக வரும்போதும் வேறு கல்லீரல் நோய் இருக்குமோ என்ற ஐயம் உள்ளபோதும்தான்.

ஐந்தாம் படி: எடைக்கு ஓர் இலக்கு

இந்நோயில் எடைக் குறைப்பு அளவுக்கு எல்லா நிலையினருக்கும் பலன் தரும் மருந்து வேறில்லை. எவ்வளவு குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்ததுதான். உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். 10 சதவீதமும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்குகிறது. 84 கிலோ எடையுள்ளவருக்கு இவை முறையே 2.5 முதல் 4.2 கிலோ, 5.9 முதல் 8.4 கிலோ, 8.4 கிலோவுக்கு மேல். உங்கள் எடையை வைத்து இந்த மூன்று எண்களையும் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். 'ஒல்லியாக வேண்டும்' என்ற இலக்கைவிட '6 கிலோ' என்ற இலக்கு கைக்கு எட்டக்கூடியது.

வேகம் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ. வாரம் 1.5 கிலோவுக்கு மேல் வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்புத் திசு ஒரேயடியாகக் கரைந்து கல்லீரல் அழற்சி மோசமாவதும் உண்டு. தசையும் கரைந்துபோகும். தசைதான் ரத்தச் சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் இடம். அதை இழந்து குறைத்த எடை திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே வரும். ஏற்கெனவே ஒல்லியாக உள்ளவர்களுக்கு 3 முதல் 5 சதவீதமே போதுமான இலக்கு.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலைக் கடன் முடித்து, சாப்பிடுமுன் பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளவெடுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல். இரண்டு மூன்று மாதத்தில் எடை அப்படியே நின்றுவிடும். உடல் சிறுத்ததால் அதன் தேவையும் குறைந்துவிட்டது என்பதே பொருள். அந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். அப்போது உணவின் அளவை மீண்டும் எழுதிப் பார்த்து, 150 முதல் 200 கலோரி குறைக்கவோ அதற்கு ஈடாக நடையைக் கூட்டவோ வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், உணவைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும்.

ஆறாம் படி: தட்டில் என்ன மாற்றுவது

முதலில் குடிப்பதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் குறைந்த முயற்சியில் அதிகப் பலன் அங்கேதான். வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடலின் எல்லாச் செல்களும் பங்கிட்டுக்கொள்ளும். அதிக அளவில் வரும் ஃப்ரக்டோஸோ பெரும்பாலும் கல்லீரலிலேயே தங்கிக் கொழுப்பாக மாறுகிறது. 330 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் நாள் கணக்கு தாண்டிவிடுகிறது. பழச்சாறும் இதில் சேரும், சர்க்கரை போடாததும்கூட. நார்ச்சத்து போய்விட்டால் மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர்தான். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். தேனுக்கும் பழுப்புச் சர்க்கரைக்கும் மாறுவதால் கல்லீரலுக்கு ஒரு நன்மையும் இல்லை. தேனிலும் ஃப்ரக்டோஸ் நிறையவே இருக்கிறது.

அடுத்து, தட்டைப் பிரிக்கும் முறை. பாதித் தட்டு மாவுச்சத்து குறைந்த காய்கறிகள், கீரைகள். கால் தட்டு புரதம். மீதிக் கால் தட்டில்தான் சோறோ ரொட்டியோ வேறு தானியமோ. தட்டின் பாதிக்கு மேல் தானியம் வைத்துப் பழகியவர்களுக்கு இது கடினமாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வாரம் தானியத்தை மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறைத்து அந்த இடத்தைக் காய்கறியால் நிரப்புங்கள், பிறகு பாதியாக்குங்கள். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுத் தானியத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், வேகவைத்த பருப்பு, பயறு 100 கிராமில் 8 முதல் 9 கிராம் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

எண்ணெயை ஒதுக்கத் தேவையில்லை, அளக்கத்தான் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பாத்திரத்தில் நேரடியாக ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு வாரம் கரண்டியால் அளந்து ஊற்றிப் பார்த்தால் எவ்வளவு போகிறது என்று புரியும். வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி, கேக், பிஸ்கட் போன்றவற்றின் நிறைவுற்ற கொழுப்பு கல்லீரலுக்கு அதிகக் கெடுதல். அதற்குப் பதிலாக மீன், விதைகள், கொட்டைப் பருப்புகள் என்று நிறைவுறாக் கொழுப்புக்கு மாறுங்கள். கொட்டைகள் நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது ஒரு கைப்பிடி. பொட்டலத்தோடு மடியில் வைத்துக்கொண்டால் கைப்பிடிக் கணக்கு நிற்காது.

மொத்தக் கலோரியைப் பொறுத்தவரை, இப்போது சாப்பிடுவதிலிருந்து நாளொன்றுக்கு 500 குறைத்தால் பெரும்பாலோருக்கு வாரம் அரை கிலோ இறங்கும். குறைந்த மாவுச்சத்து உணவா, நேரம் வகுத்து உண்பதா, காய்கறி, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் மிகுந்த மத்தியதரைக்கடல் உணவுமுறையா என்ற விவாதத்தில் அதிக நேரம் போக்க வேண்டாம். மத்தியதரைக்கடல் முறைக்கு ஆதாரம் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஓராண்டு தொடர முடியாத எந்த முறையும் உங்கள் கல்லீரலுக்கு உதவாது.

சர்க்கரை சேர்க்காத காபி நாளொன்றுக்கு மூன்று கோப்பை குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது. ஏற்கெனவே குடிப்பவர்கள் தயங்காமல் தொடரலாம். நெஞ்சுப் படபடப்போ தூக்கக் குறைவோ உள்ளவர்கள் இதற்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

ஏழாம் படி: உடலை அசைப்பது

எடை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும் உடற்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. எடைமுள் நகராத வாரங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகம், அல்லது 75 நிமிடம் கடுமையான வேகம். மிதமான வேகம் என்றால், நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. நடந்து பழக்கமில்லாதவர்கள் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் 10 நிமிடத்தில் தொடங்கலாம்.

நடை மட்டும் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால், எடை தூக்குவது என எதுவானாலும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் அளவு சரி. மூட்டுவலியால் நடக்க முடியாதவர்களுக்கு இந்தப் பயிற்சி மட்டுமேகூடக் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும்.

சத்தமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவர்கள் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அது இருந்தால் கல்லீரல் நிலையும் மோசமாகும், பயிற்சி செய்யத் தெம்பும் இருக்காது.

மது

மில்லி அளவை மதுவின் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.8ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு கிடைக்கும். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13 கிராம். வாரத்துக்குப் பெண்கள் 140 கிராமும் ஆண்கள் 210 கிராமும் தாண்டினால், மதுவும் நோய்க்குக் காரணம் என்று வகைப்படுத்துவார்கள். இந்த எண்களைப் பாதுகாப்பான அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வகைப்பாட்டுக்கான கோடு மட்டுமே. பருமனும் மதுவும் சேரும்போது தீங்கு இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகம். தழும்பு இருப்பது தெரிந்துவிட்டால் முழுமையாக நிறுத்துவது ஒன்றே வழி. தினமும் அதிகம் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவ உதவியோடு நிறுத்துங்கள்.

மருந்துகள்: எது உதவும், எது உதவாது

2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் வாராந்திர ஊசியான செமாக்ளூடைடுக்கும் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இந்நோய்க்காக ஒப்புதல் தந்தது. இரண்டுமே அழற்சியோடு எஃப்2, எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கு. வெறும் கிரேடு 1 கொழுப்புக்கும் சிரோசிஸுக்கும் இந்த ஒப்புதல் பொருந்தாது. உணவும் பயிற்சியும் கூடவே தொடர வேண்டும். ஊசியை நிறுத்தினால் எடை திரும்புவது வழக்கம்.

பயாகிளிட்டசோன் சர்க்கரை நோயாளிகளுக்கு அழற்சியைக் குறைக்கும், ஆனால் எடை கூடும், நீர் தேங்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வைட்டமின் ஈ 800 யூனிட், சர்க்கரை நோய் இல்லாத, பயாப்ஸியில் அழற்சி உறுதியான சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. நீண்டகாலம் எடுத்தால் ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதாகத் தெரிந்திருப்பதால் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு நல்ல மருந்து. கல்லீரல் அழற்சியையோ தழும்பையோ அது மாற்றுவதில்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைக் கல்லீரலுக்குப் பயந்து நிறுத்துவதுதான் இந்நோயில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு ஸ்டாடின் பாதுகாப்பானது. வயிற்றில் நீர் கோக்கும் அளவுக்கு முற்றிய சிரோசிஸில் மட்டுமே தனிக் கவனம் தேவை. மாரடைப்பிலிருந்து காக்கும் மருந்தை, மாரடைப்பால் அதிகம் இறக்கும் நோயாளிகளிடமிருந்து பறிப்பதில் நியாயமில்லை.

'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' பொடிகளும் மூலிகை மாத்திரைகளும் வேண்டாம். கல்லீரல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் உறுப்பு. செறிவூட்டிய கிரீன் டீ சாறு, மஞ்சள் மாத்திரை ஆகியவற்றால் கடுமையான கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது. சமையலில் போடும் மஞ்சளால் அந்த ஆபத்து இல்லை; செறிவூட்டிய மாத்திரையின் கதை வேறு. ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது நல்ல செலவு.

எப்போது திரும்பப் பார்ப்பது

ஃபிப்-4 குறைவாக வந்து சர்க்கரை நோயும் இல்லையென்றால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டால் போதும். சர்க்கரை நோயோ, இடுப்பு, அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்று இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிக்கலோ உள்ளவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். எடை குறைக்கத் தொடங்கியவர்கள் ஏ.எல்.டியை ஆறு மாதத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் அதற்குள் இறங்கியிருக்கும். மாதம் ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கிரேடு மாறியதா என்று பார்ப்பதால் பயனில்லை.

சிரோசிஸ் உறுதியானவர்கள், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபி தேவையா என மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த நாளங்கள் புடைத்திருந்தால் மூச்சடக்கிக் கனம் தூக்கும் பயிற்சி கூடாது. உணவிலும் விதி மாறுகிறது: புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், இரவில் படுக்குமுன் ஒரு சிற்றுண்டி, நீண்ட பட்டினி அறவே கூடாது. வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். பாராசிட்டமால் நாளொன்றுக்கு 2 கிராம் வரை எடுக்கலாம்.

கண் மஞ்சளாதல், வயிறு உப்பி நீர் கோத்தல், ரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், பகலிரவு மாறிய தூக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்த வாந்தி, கறுத்த மலம், குழப்பம் மூன்றுக்கும் அந்த மணிநேரத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போகும்போது எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியலும் கடைசி ஃபைப்ரோஸ்கேன் அறிக்கையும் கையில் இருக்கட்டும்.